புரை

வின்டர்தூரில் ஜனவரி.
பால் உறைய மறுக்கும் ஊர்.
சட்டியைக் கம்பளிச் சட்டைக்குள் சுற்றி
ஹீட்டரின் தலையில் ஏற்றிவிட்டு
வேலைக்குப் போகிறேன்.

வேலை, ஒரு நிரல்மொழி.
அதன் கம்பைலரையும் அதே மொழியில்தான் எழுதியிருக்கிறோம்.
நேற்றையது இன்றையதைப் பெறும்,
இன்றையது நாளையதை.
மூன்று வாரமாக அதில் ஒரு பிழை:
எதை எண்ணச் சொன்னாலும் ஒன்று குறைகிறது.
ஆறு ஆப்பிள் என்றால் ஐந்து.
மூலநிரலில் குற்றமே இல்லை.
ரெகுலா அச்சடித்து, வரிக்கு வரி
பென்சில் வைத்துப் படித்தாள்.
"சுத்தம்" என்றாள்,
அழப்போகிறவள் மாதிரி.

அன்றிரவு தயிர் நூல் விட்டது.
கரண்டியைத் தூக்கத் தூக்கக் கூடவே எழும்பி வந்தது.
பால் புதிது. சட்டி கொதிநீரில் கழுவியது.
நேற்றும் இப்படித்தான். முந்தாநாளும்.
பாலைக் குறைசொல்லி மூன்று கடை மாறியாயிற்று.
பால் என்ன செய்யும்?
அதில் ஒரு கரண்டி நேற்றை
நான்தானே ஊற்றுகிறேன்.

எங்கள் வீட்டில் அந்தக் கரண்டிக்குப் பெயர் புரை.
அகராதியில் புரைக்கு
இன்னொரு பொருளும் உண்டு: குற்றம்.
நின்றபடியே சிரித்தேன்,
கையில் நூல் தொங்க.

புரை இல்லாமலும் தயிர் தோய்க்கலாம்.
வெதுவெதுப்பான பாலில் மிளகாய்க் காம்பு.
ரயில் நிலையத்துக்குப் பின்னால் தமிழ்க் கடையில்
"மிளகாய் வேண்டாம், காம்பு போதும்" என்றதற்கு
சிவநேசன் அண்ணை ஒரு மாதிரிப் பார்த்தார்.

முதல் தயிர் தயிரே இல்லை, தண்ணீர்.
அதில் ஒரு கரண்டி எடுத்து இரண்டாவது.
இரண்டாவதில் எடுத்து மூன்றாவது.
கரண்டி நட்டால் நின்றது.

அலுவலகத்திலும் அதையே செய்தோம்.
பழையதைத் தொடாமல்,
வெறும் எண்களில், கையால்,
ஒரு குட்டிக் கம்பைலர்.
பாதி மொழிதான் அதற்குப் புரியும்.
அது பெற்றது கொஞ்சம் தேறியது.
அதற்கடுத்தது எண்ணியது:
ஆறு.

கோப்புக்கு என்ன பெயர் என்றாள் ரெகுலா.
காம்பு என்றேன்.
நல்லவேளை, அதில் 'ழ' இல்லை.

மூன்றாம் தயிரில் ஒரு கிண்ணத்தை
அலுவலகப் பிரிட்ஜில் வைத்தேன்.
எறியவும் வேண்டாம், உண்ணவும் வேண்டாம் என்று
ஜெர்மனில் எழுதி ஒட்டி.
திங்கட்கிழமை கிண்ணம் கழுவிக் கவிழ்ந்திருந்தது.
ஊர்ஸ் மூஸ்லியில் போட்டுச் சாப்பிட்டுவிட்டானாம்.
"நன்றாயிருந்தது. இன்னும் இருக்கிறதா?"

மிளகாய் இருக்கிறது, என்றேன்.