இரண்டு கணு விட்டு

மழைநீர்க் குழாயை அது நெரித்தது உண்மைதான்.
தகரம் நசுங்கி, படிக்கட்டுச் சுவர் ஈரம் குடித்து,
நிர்வாகத்தின் கடிதம் வந்து,
பிறகு ரூவெஃப்லி வாளோடு வந்தார்.
ஓல்ட்டனில் எந்தச் சத்தத்துக்கும் மேல்
ஒரு ரயில் சத்தம் இருக்கும்.
அறுந்தது கேட்கவில்லை.

அடித்தண்டில் ஒரு முழம் கேட்டேன், வேரோடு.
விறகுக்கா என்றார்.
ஓம் என்றேன்.
விளக்க ஜெர்மன் போதவில்லை.

நீலமழை என்று அந்தக் கொடிக்கு இங்கே பேர்.
ஏழு வருடம்
ஒரு துளி பெய்யவில்லை.

மீன் கழுவும் சட்டியளவு தொட்டியில் நின்றுகொண்டு
ஒவ்வொரு ஜூனிலும் ஒரு தளிரை நீட்டும்.
காற்றைத் தடவும், இடஞ்சுழியாய், அவசரமில்லாமல்.
கதிரைக் காலைப் பிடிக்கும்.
உடுப்புக் காயும் கம்பியை.
ஒருநாள் சைக்கிள் பிரேக் வயரை.
அவிழ்ப்பேன்.
இரண்டு கணு விட்டு மிச்சத்தை வெட்டுவேன்.
கொழுகொம்பு என்றொரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு
கொடிக்கு அதைக் கொடுக்காதவள் நான்.
வெட்டும்போது அது தோன்றாது,
கத்தரியைக் கழுவும்போது தோன்றும்.

ஆராவ் ஆஸ்பத்திரியில் நான் கிடந்த கோடையில்
மேல்மாடி தெஸ்ஃபாலெம் தண்ணீர் விட்டார்.
அகலச் சட்டியில் இறக்குங்கள்,
அடி நனைய நிற்கட்டும் என்று சொல்லியிருந்தேன்.
கத்தரியைப் பற்றிச் சொல்ல மறந்தேன்.
சுற்றிவிட்ட கம்பியைப் பற்றியும்.

வந்து பார்த்தால்
கம்பி பட்டைக்குள் இறங்கியிருந்தது.
தளிர் கைப்பிடியில் ஏறி
அவருடைய பல்கனிக்கே போய்
சப்பாத்து காயவைத்த தடியில் மூன்று சுற்று.
வெட்டவேண்டாம், அது என்னிடம் வந்தது என்றார்.

வெட்டினேன்.
கம்பியைத் துண்டுதுண்டாய் நறுக்கி எடுத்தேன்.
அதன் தடம் இன்னும் இருக்கிறது,
திருகாணியின் மரைபோல.
என்னுடையது அக்குளுக்குக் கீழே, நேர்கோடு.
அவர் கொஞ்சநாள் பேசவில்லை.

இந்த மே மாதம், இலைக்கு முன்னமே பூ.

இலையைச் சிறிதாக்கலாம். வேரைச் சிறிதாக்கலாம்.
பூவிடம் யாரும் சொல்லிப் பார்க்கவில்லை போலும்.
சுவரில் தொங்கிய அதே நீளம், அதே கனம்.
முழ உயர மரத்திலிருந்து
குலைகள் தொட்டி விளிம்பைத் தாண்டித்
தரையில் மோதி மடங்கின.
ஸ்டூலில் தூக்கி வைத்தேன்.
தெஸ்ஃபாலெம் மேலிருந்து குனிந்து எண்ணினார், பதினாலு.
எனக்குப் பதின்மூன்றுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை கடிதம்.
கீழ்வீட்டுப் பல்கனியில் ஊதா இதழ்கள் விழுவதாக,
காரணமான பொருளை அகற்றும்படி.
நாலாய் மடித்து
ஸ்டூலின் ஆடுகிற காலுக்குக் கொடுத்தேன்.

திங்கள் ரூவெஃப்லி வந்தார், வெறுங்கையோடு.
கனநேரம் நின்றார்.
தண்டைக் குனிந்து பார்த்தார்,
தன் வாள் போன இடத்தை.
விறகென்றல்லவா சொன்னீர்கள் என்றார்.

எரிக்க நேரம் கிடைக்கவில்லை என்றேன்.