மிதித்துப் பார்த்த வீடுகள்

எத்தனை அறை வேண்டும் என்றார் தரகர் திகோமிர்.
காலை ஆறரைக்கு அங்கே காற்று
எந்தப் பக்கமிருந்து வரும் என்றேன்.
பேனாவை மூடி வைத்துவிட்டு
முதன்முறையாக என்னைப் பார்த்தார்.

நான் ஒசியெக்கிலிருந்து வந்தவள்.
அங்கே மேடு என்றால்
ட்ராவா ஆற்றுப் பாலம், அவ்வளவுதான்.
மீதி ஊர் இஸ்திரி போட்ட துணி.
சாக்ரெப்பில் வேலை கிடைத்துவிட்டது,
மக்சிமிர் சாலையில், கண்ணாடி வில்லை தேய்க்கும் பட்டறையில்.
வீடுதான் இல்லை.
நெவென்காவின் சோபாவில் பன்னிரண்டு நாள் தவணை.

திகோமிரின் வரைபடத்தில்
எல்லா வீடும் பட்டறைக்குப் பக்கம்தான்.
காகிதத்துக்கு மூச்சு வாங்குவதில்லை.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்;
உயரம் தெரியாமலும் விடக்கூடாது.
வீட்டைக் கட்டிப் பார்க்க எனக்கு வசதியில்லை.
மிதித்துப் பார்க்கலாம்.

முதலில் ஷெஸ்தினே. மலைச்சரிவு.
ஜன்னலைத் திறந்தால் நகரம் காலடியில்.
வீட்டுக்காரி தாட்யானா ஆப்பிள் நறுக்கித் தந்தாள்.
சைக்கிளுக்குத் தனிக் கொட்டகைகூட உண்டு.
காலையில் ஒரு மிதி மிதிக்கவில்லை.
பிரேக்கைப் பிடித்தபடியே வந்து
இருபத்திநாலு நிமிடத்தில் பட்டறை வாசல்.
கடன் வாங்கும்போது இனிக்கத்தான் செய்யும்.
மாலையில் வட்டியோடு கேட்டது மலை.
பாதியில் இறங்கித் தள்ளினேன்.
பள்ளிப் பையோடு ஒரு சிறுவன்
நடந்தே என்னைத் தாண்டினான்,
திரும்பிப் பார்த்தான்,
மரியாதைக்காக நடையைக் குறைத்தான்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்து இலிட்சா தெரு.
ஒரே நீளம், ஒரே தட்டை, கீழே ரொட்டிக் கடை.
ஆனால் தெரு நெடுக ட்ராம் தண்டவாளம்,
என் டயருக்கு அளவெடுத்துச் செய்த பள்ளம்.
மழை பெய்த செவ்வாய்க்கிழமை டயர் அதில் படுத்தது.
முழங்கையில் இன்னும் இருக்கிறது அந்த வீட்டின் முகவரி.
மருந்துக் கடைப் பெண் பஞ்சை ஒற்றிக்கொண்டே சொன்னாள்:
"தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டணும்,
கூடவே போகக் கூடாது."
இந்தத் தெருவில் போவதென்றாலே
கூடப் போவதுதானே என்றேன்.
"அதனால்தான் நான் நடக்கிறேன்."

மூன்றாவது, சாவா ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
ட்ராவ்னோ. ஏழாவது மாடி.
சமையலறையில் இருவர் நின்றால்
ஒருவர் மூச்சை அடக்க வேண்டும்.
லிஃப்ட்டில் சைக்கிள் கொள்ளாது.
பின்சக்கரத்தில் நிமிர்த்தி,
பிஸ்கட் கேட்கும் நாய்போலப்
பிடித்துக்கொண்டு போக வேண்டும்.
வேண்டாம் என்று எழுதிவிட்டுத்தான்
வழியை மிதிக்கப் போனேன், கடமைக்கு.

பாலத்தின் பெயர் இளமை.
ஆறு முப்பத்தைந்து, இருட்டு.
வடக்கே மலையிலிருந்து இறங்கிய காற்று
நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது.
முன்னால் ஒரு பச்சை மழைக்கோட்டு, அகலமான முதுகு,
விட்டுவிட்டு எரியும் பின்விளக்கு.
ஒரு சக்கர அளவு நெருங்கினேன்.
காற்று நின்றுவிட்டது.
நிற்கவில்லை,
அந்த மனிதர் வாங்கிக்கொண்டிருந்தார்.
பாதிப் பாலத்தில் முழங்கையை லேசாக ஆட்டினார்.
அந்தச் சைகையை முன்பு பார்த்ததில்லை;
ஆனாலும் புரிந்தது, இனி என் முறை.
முன்னே போனேன்.
மீதிப் பாலம் முழுக்க
என் முதுகுக்கும் ஒரு வேலை இருந்தது.
கரையில் அவர் இடப்பக்கம் திரும்பினார்.
பெயர் கேட்கவில்லை.

அன்றே திகோமிரை அழைத்தேன்.
அந்தச் சமையலறையா என்றார்.
அந்தப் பாலம் என்றேன்.
அதற்குத் தனி வாடகை இல்லை என்று சிரித்தார்.

இப்போது பிப்ரவரி.
பச்சைக் கோட்டு பத்து நாளாக வரவில்லை.
வேறு வேலையா, வேறு வீடா, காய்ச்சலா,
விசாரிக்க ஒரு பெயர்கூட என்னிடம் இல்லை.
காற்று முழுவதும் எனக்கே வந்தது.

இன்று பாலத்தின் நடுவில், பின்னால்,
எண்ணெய் காணாத ஒரு சங்கிலியின் கிரீச்.
தயங்கித் தயங்கி
ஒரு சக்கர அளவில் ஒட்டிக்கொண்டது.
திரும்பிப் பார்க்கவில்லை.
கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்,
முதுகு இன்னும் சற்று அகலமாகட்டும் என்று.