மச்சான் தந்த ஒரு லிட்டர்

கொத்தோனுவில் மஞ்சள் சட்டை போட்டு
பைக்கில் ஆளேற்றுகிறவனுக்கு ஜெமிஜான் என்று பெயர்.
என்னைச் சீக்கிரம் கொண்டுபோ என்று அர்த்தம்.
ஏழு வருடமாக நானும் ஒருவன்.
ஒரே நூற்றிருபத்தைந்து சிசி,
மூன்று சீட்டு உறை, நாலு செயின்,
கடன் மட்டும் பழையது.

அக்காள் புருஷன் பிதோசெசி
கப்பல் கம்பெனிப் பெரியவருக்குக் கார் ஓட்டுகிறான்.
கண்ணாடியைப் பாதி இறக்கித்தான் பேசுவான்,
ஏசி வீணாகுமாம்.
போன மாதம் ஒரு ஞாயிறு
பொன்னிற டப்பா ஒன்றை நீட்டினான்.
"முழு சிந்தெடிக். ஜெர்மன் காருக்கு வாங்கியதில் மிச்சம்.
கண்டதை ஊற்றி வண்டியைக் கொல்லாதே."
உராய்வைக் குறைக்கும், எரிபொருளை மிச்சப்படுத்தும்
என்று போட்டிருந்தது.
தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்தா பார்ப்பார்கள்?
ஊற்றினேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எஞ்சின் பூனையாகிவிட்டது.
சிவப்பு விளக்கில் நிற்கும்போது
அணைந்துவிட்டதோ என்று
இரண்டு முறை குனிந்து பார்த்தேன்.
மூன்று நாள் பெருமை.

நாலாம் நாள், தன்தொக்பா சந்தை.
அகுவாவி ஏறினாள்.
அவள், அவளுடைய புகைமீன் கூடை,
கூடைக்கு மேல் இன்னொரு கூடை.
பாலத்தின் ஏற்றத்தில் திருகினேன்.
எஞ்சின் அலறியது. வண்டி யோசித்தது.
இன்னும் திருகினேன்.
முள் எட்டாயிரத்தில்,
சக்கரம் சவ ஊர்வலத்தில்.
ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டியது.
அவன் ஐஸ் விற்றுக்கொண்டே போனான்.
"நான் இறங்கி நடக்கவா," என்றாள் அகுவாவி,
"இல்லை உன்னையும் சேர்த்துத் தூக்கிக்கொள்ளவா?"

ஜின்சு லிவரைப் பிடித்தான், விட்டான்.
குச்சியை உருவி
விரலில் தொட்டுத் தேய்த்தான்.
"யார் கொடுத்தது?"
"சொந்தக்காரர்."
"அதானே."

மூடியைக் கழற்றினான்.
நார்த் தட்டு ஒன்று, எஃகுத் தட்டு ஒன்று,
மாறி மாறி, ஈரம் சொட்ட.
காரில் கிளட்ச் தனியறையில் உலர்ந்து கிடக்கிறது.
எண்ணெய் எப்படி வழுக்கினாலும் அதற்கென்ன.
இங்கே எல்லாருக்கும் ஒரே தொட்டி.
பிஸ்டன் வழுக்க வேண்டும், பல்சக்கரம் வழுக்க வேண்டும்,
தட்டுகள் மட்டும்
ஒன்றையொன்று விடக்கூடாது.

அவன் எடுத்துத் தந்த டப்பா
மூலை நசுங்கி மங்கலாக இருந்தது.
பின்பக்கம் சின்னக் கட்டத்தில் எம்.ஏ. என்று இரண்டெழுத்து.
"இது இருந்தால் வாங்கு.
எம்.பி. என்றால் உலர் கிளட்ச் ஸ்கூட்டருக்கு.
கட்டமே இல்லையென்றால்
உன் மச்சானுக்கு."

மாற்றியும் வழுக்கியது.
தட்டுகளுக்கு ஞாபகசக்தி அதிகம்.
இருநூறு கிலோமீட்டர் பொறுமையாய் ஓட்டி,
சூட்டோடு வடித்து, மறுபடி ஊற்றினேன்.
அன்று சாயங்காலம் அதே பாலம்,
இரண்டு சிமெண்ட் மூட்டை, அவற்றின் சொந்தக்காரர்.
ஓர் உதறல்.
பிடித்துக்கொண்டது.
எஞ்சின் பழையபடி கரகரத்தது.
அந்தக் கரகரப்பை
முத்தமிடலாம் போலிருந்தது.

ஞாயிறு பிதோசெசி வந்தான்.
தான் வளர்த்த குதிரையைப்போல
பெட்ரோல் டாங்கைத் தட்டிக்கொடுத்தான்.
"எப்படி, வெண்ணெயா?"
அக்காள் மீனும் அக்காசாவும் வைத்துக்கொண்டே
என் முகத்தைப் பார்த்தாள்.
"வெண்ணெய்தான்," என்றேன். பொய்யில்லை.
இன்னொன்று கொண்டுவருகிறேன் என்று
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
வடித்த எண்ணெய்
பழைய கேனில்
அந்த நாற்காலிக்கு அடியிலேயே இருந்தது.