சர்வர் வரும் வரை

நன்னிலம் தாலுகா ஆபீசுக்கு எதிரே என் கடை.
பட்டா, சிட்டா, வருமானச் சான்று, லேமினேஷன்.
பதினொரு மணிக்கெல்லாம் சர்வர் படுத்துவிடும்.
திரையில் ஒரு வட்டம் சுற்றும்,
எள் போடாத செக்கு மாதிரி.
பெஞ்சில் ஏழு பேர்.
ஏழு பேரும் என்னையே பார்ப்பார்கள்,
சர்வரை நான்தான்
முந்தானையில் முடிந்து வைத்திருப்பதுபோல.

அதனால் பக்கத்தில் இன்னொரு ஜன்னலைத் திறக்கப் பழகினேன்.

முதலில் மேட்டூர் நீர்மட்டம்.
அது பொதுச்சொத்து. கேட்காமலே வாசித்துவிடுவேன்.
"தொண்ணூற்றாறே கால் அடி."
கடைமடைக்காரர்கள் விரல் மடக்குவார்கள்:
முக்கொம்பு, கல்லணை, அங்கிருந்து எத்தனை நாள்,
நடுவில் எவன் மடையை அடைப்பான்.
அந்தக் கடைசிக் கணக்கு எந்தத் தளத்திலும் இல்லை.

பிறகு ஆளைப் பார்த்து மருந்து.

நான்கு குழி நிலத்துக்காக
எட்டு வருஷம் பேசாத அண்ணனும் தம்பியும்
பெஞ்சின் இரண்டு முனையில்.
எந்தப் பரப்பைக் கொடுத்தாலும்
அதை வேறொன்றாக மாற்றிச் சொல்லும் பக்கம் ஒன்று உண்டு.
குழியைச் சதுர அடியாக்கிப் போட்டேன்.
"இரண்டு பஸ் நிறுத்த இடம் போதாது" என்றது.
அண்ணன் சிரித்துவிட்டார்.
தம்பி சிரிக்கவில்லை. அவர் டவுன் பஸ் கண்டக்டர்.

உலக உருண்டையில் ஓரிடத்தைத் தொட்டால்
நேர் கீழே தோண்டி எங்கே வெளிவருவோம் என்று காட்டும் பக்கம்
போர்வெல் போடும் சாகுல் அமீதுக்கு.
நன்னிலத்தைத் தொட்டார்.
பெரு நாட்டுக்கு மேற்கே, வெகுதூரத்தில், நடுக்கடல்.
"தண்ணி உண்டா?"
"உண்டு பாய். உப்பு."
"இங்கேயும் அதேதான்" என்று
பீடியைக் காதில் செருகிக்கொண்டார்.

தையல்நாயகி டீச்சருக்குப் பறவைக் குரல்கள்.
ஆள்காட்டியை அழுத்தி, சத்தத்தை முழுசாய்த் திருப்பினார்.
பின்வயலில் நிஜ ஆள்காட்டி ஒன்று
பதறிப்போய்ப் பதில் கத்தியது.
எதிரே ஆர்.ஐ. ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தார்.
ஆலோசனை: அலுவலக நேரத்தில்
கொக்கோடு நிறுத்திக்கொள்ளவும்.

ஆலோசனை என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.
கடவுச்சொல்லுக்கு மாட்டின் பெயர் வேண்டாம்;
சாயங்காலம் அதைத் தெருமுனையில் நின்று
நீங்களே கத்திக் கூப்பிடுகிறீர்கள்.
பரிசு விழுந்ததாக ஒரு பக்கம் மினுக்கினால்
சீட்டு வாங்கினோமா என்று முதலில் யோசிக்கவும்.
பச்சைப் பொத்தான் பெரிதாக இருந்தால்
அது நமக்கானது இல்லை.

சவரியம்மாள் மட்டும் ஒன்றும் கேட்கமாட்டார்.
வாரிசுச் சான்றில் கணவர் பெயருக்கு
ஒரு கால் கூடிப்போச்சு, அதைத் திருத்த ஏழாவது நடை.
பேச்சுவாக்கில், மகன் கப்பலில் என்றார்.
கப்பல் பெயர் மணிபர்சில், மருந்துச் சீட்டின் பின்பக்கம்.
கடல் முழுக்கக் கப்பல்கள் எறும்பாய் ஊரும் வரைபடத்தில்
எழுத்தெழுத்தாய்த் தட்டினேன்.
செங்கடலில் ஒரு பச்சை அம்பு.
மூக்குக் கண்ணாடியை மாட்டினார்.
"எவ்வளவு வேகம்?"
"மணிக்கு இருபத்திநாலு கிலோமீட்டர்."
"அவன் சின்னதிலேர்ந்தே அப்படித்தான்.
பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினா பொழுது சாயும்."
பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.
எவ்வளவு என்று பர்ஸைத் திறந்தார்.
அம்புக்குக் காசு வாங்குவதில்லை என்றேன்.

மூன்றே காலுக்குச் சர்வர் எழுந்தது.
எழுந்ததும் சந்தேகம் அதற்கு:
நீ ரோபோவா? இல்லையென்றால்
சிக்னல் விளக்கு உள்ள கட்டங்களைத் தொடு.

எங்கள் தெருவில் சிக்னல் கிடையாது.
ஏழு பேரும் எழுந்து என் தோளுக்குப் பின்னால் குனிந்தார்கள்.
"அதோ, கம்பத்துக்குப் பின்னாடி."
"அது விளக்கில்லை, காக்கா."
"கம்பம் கணக்கா, விளக்கு மட்டும் கணக்கா?"
எட்டு வருஷத்தில் முதல்முறையாக
தம்பி அண்ணனிடம் சொன்னார்: "கீழ் வரிசை, மூணாவது."

தொட்டேன்.
தவறு என்றது.

எட்டு பேர் சாட்சி சொல்லியும்
நாங்கள் மனிதர்கள் என்று நம்பவில்லை.
அடுத்த படம் வந்தது:
கப்பல் உள்ள கட்டங்களைத் தொடவும்.

சவரியம்மாள்
நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.