ஒரு கட்டத்துக்கு இரண்டு நிறம்

திங்கள்சந்தையில் அப்போது எனக்கு டிவி ரிப்பேர்.
ஆனி மாசம், மழை விட்ட மத்தியானம்
குளச்சலிலிருந்து ததேயு ஆள் அனுப்பியிருந்தான்:
பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர்
டயனோராவில் படம் காட்டமாட்டேன் என்கிறதாம்.

ரப்பர் பொத்தான் வைத்த கறுப்புப் பலகை,
வேதபுத்தகத்தைவிட மெல்லிசு.
சேனலைத் திருகித் திருகி நிறுத்தினேன்.
கேசட் ஐந்து நிமிடம் கீச்சிட்டது;
கருவாட்டுக்கு வந்த காக்கைகள்
கூரையை விட்டுப் போயின.

பிறகு திரையோரம் சின்னச் சின்னப் படங்கள்:
தூரிகை, கத்தரிக்கோல், பெயிண்ட் வாளி.
நடுவில் ஓர் அம்பு.
ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால்
யோசித்துவிட்டுத்தான் நகரும்.

ததேயுவுக்கு அப்பனின் வள்ளம் வரையவேண்டும்.
வளைவு வரவில்லை,
அணியம் படிக்கட்டாய் ஏறி நின்றது.
போகட்டும் என்று வாளியை எடுத்து
வயிற்றில் சிவப்பை ஊற்றினான்.
திரை முழுக்கச் சிவப்பு.

'எங்கயோ ஓட்டை இருக்கு' என்றேன்.
கோட்டில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும்
நிறம் அந்த வழியாக ஒழுகிவிடும்.
அவன் சிரிக்கவில்லை.
முழங்காலில் நின்று, கண்ணாடியில் விரலை வைத்து
பலகை பலகையாய்த் தடவிக்கொண்டே போனான்.
அடியில், பின்பக்கம், இருந்தது.
ஒற்றைப் புள்ளி வைத்து அடைத்தான்.
'இனி வெள்ளம் கேறாது, கேட்டியா.'

கடலுக்கு நீலம், அலைக்கு வெள்ளை கொடுத்து
அதன்மேல் வள்ளத்தைக் கொண்டுவந்து வைத்தோம்.
தொட்ட இடமெல்லாம் அலை சிவந்தது.
வெட்டி, கொஞ்சம் தள்ளி ஒட்டினோம்.
அங்கேயும் சிவந்தது.
முன்பு நின்ற இடத்துச் சிவப்பும்
போகாமல் நின்றது.

சாயா கொண்டுவந்த டெல்பினா
தட்டோடு அப்படியே நின்றாள்.
'அத அணைங்க.'

மாதா படத்துக்குப் பக்கத்தில்
மாலை போட்ட ஒரு பையன், அவள் மூக்கு அவனுக்கு,
அப்போதுதான் என் கண்ணில் பட்டான்.

டிவிக்காரன் என்ன ஆறுதல் சொல்ல?
உள்ளே இருப்பதைத்தான் சொன்னேன்.
எக்கா, திரை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கட்டம்,
எட்டுக்கு எட்டுப் புள்ளி.
ஒரு கட்டத்துக்கு ரெண்டே நிறம்.
மூணாவது ஒண்ணு வந்தா
இருக்கிறதுல ஒண்ணு போகணும்.
வேற ஒண்ணும் இல்ல, மெமரி பத்தாது.

'பத்தாமை எனக்குத் தெரியும்' என்றாள்.
கொஞ்சம் கழித்து:
'அப்ப வள்ளத்துக்கு எதுக்குத் தனி நிறம்?'

சிவப்பை எடுத்துவிட்டு
அலையின் வெள்ளையிலேயே வள்ளத்தை வரைந்தோம்.
எது பலகை, எது நுரை,
எனக்கே பிடிபடவில்லை.
'இதுல என்ன தெரியுது?' ததேயு முகத்தைத் திருப்பினான்.
அவள் கிட்டே வந்து பார்த்தாள்.
பிறகு பின்னாலேயே நடந்து
வாசல் நிலை முதுகில் இடிக்கும் வரை போய்
கண்ணைச் சுருக்கினாள்.
'கரையில நின்னா இப்பிடித்தான்.'

கேசட்டில் பதிவதற்குள் கரண்டு போனது.
டியூனிங்குக்குப் பதினைந்து ரூபாய் கேட்டேன்.
இருபது தந்து, மீதி வேண்டாம் என்றான்.
ஸ்க்ரூடிரைவர்களைப் பையில் போட்டுக்கொண்டிருக்க,
நிலையை விட்டு நகராமலே அவள் கேட்டாள்,
திரும்ப வரைய
எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று.