பவளராணியின் இரண்டு பதினேழாம் அத்தியாயங்கள்

துணுக்காய் கமநல நிலையத்தில்
உரமானியப் பட்டியல் அடிக்கிற கொம்பியூட்டரில்
'பெரும்போகம் புதுப் படிவம்' என்ற பெயருக்குள்
என் நாவல் ஒளித்திருக்கிறது.
மத்தியானம் இருபத்தைந்து நிமிசம்.
ஒரு கையில் இடியப்பப் பார்சல்,
மற்றக் கையால் பவளராணியைக்
குளக்கட்டு வழியே நடத்திக்கொண்டு போவேன்.

இரவில் மல்லாவியில், வீட்டில்,
'ழ' விழாத லப்டொப்.
மழை என்று அடித்தால் மை என்று வரும்.
பிறகு திருத்தலாம் என்று விட்டு
நாலு அத்தியாயமாய் மை பெய்கிறது.
வயல் நிறைய மை.
உடைந்த ஓட்டுக்குள்ளால் மை ஒழுக
பவளராணி சட்டி வைக்கிறாள்.

இரண்டுக்கும் நடுவில் இரண்டு கட்டைத் தூரம்,
ஒரு சைக்கிள், ஒரு பென்.
எழுதுகிற பேனை இல்லை,
சட்டைப் பைக்குள் கிடக்கிற சின்ன விரல் அளவுப் பென்.
ஒரு செவ்வாய்க்கிழமை அது
சட்டையோடு சேர்ந்து சவர்க்காரத் தண்ணிக்குள் ஊறியது.
அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
எழுதாமல் இருந்தேனா என்றால், இல்லை.

துணுக்காயில், புதன் மத்தியானம்,
பவளராணி எலிக்காய்ச்சலில் செத்துப்போனாள்.
(இந்த நாவலில் ஷெல் ஒருவரையும் கொல்லாது.
அது எனக்கும் எனக்கும் உள்ள ஒப்பந்தம்.)
வியாழன் சாப்பாட்டு நேரத்துக்குள்
எட்டுச் செலவும் முடிந்தது.

மல்லாவியில், அதே வியாழன் இரவு,
வவுனிக்குளத்துக் கரையில் நின்று
யப்பான் மீனுக்கு விலை பேசுகிறாள்.
"ஐந்நூறுக்குத் தா, செவுள் கறுத்துப் போச்சு" என்கிறாள்.
தெரிந்துதான் எழுதினேன்.
திறந்த பக்கத்தில் அவள் உயிரோடு நின்றாள்,
நான் என்ன செய்ய?
வீட்டுக் கோப்புக்குச் செய்தி வந்து சேரவில்லை.

வெள்ளிக்கிழமை பென் உயிர்த்தது.
துணுக்காய்க் கோப்பை அதில் ஏற்றிவந்து
லப்டொப்பில் செருகினேன்.
இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது,
இரண்டில் புதியதை வைக்கவா என்று கேட்டது.
ஓம் என்று அமத்திவிட்டுத் தேத்தண்ணிக்குப் போனேன்.

வந்து பார்த்தால் சாவைக் காணவில்லை.

றெஜினோல்ட் போன் கடைக்குள் இருந்து சிரித்தான்.
"அக்கா, உங்கட ஒபிஸ் மெசினுக்கு
மணிக்கூட்டு பற்றரி செத்துப்போச்சு.
ஒவ்வொரு நாள் காலமையும் அது
இரண்டாயிரத்து ஒன்பது தை முதலாம் திகதியிலதான் எழும்புது.
அதில எழுதினது எல்லாம் பழசு.
பழசை இது வைக்காது."

கடைக்குள் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.
அவனுக்கு அந்த வருசம் ஏழு வயது.
யாரோ ரீலோட் போட வந்தார்கள்.

பிறகு சொன்னான்: மூன்று பிரதி வையுங்கோ,
ஒன்று இங்க, ஒன்று அங்க, ஒன்று தூர.
எனக்கா சொல்கிறான்.
ஆறு பேர், ஆறு பை,
எல்லாப் பைக்குள்ளும் எல்லாருடைய பிறப்புச் சாட்சிப்பத்திரமும்
போட்டோக் கொப்பி எடுத்துப் பொலித்தீனில் சுற்றி
நடந்த ஆட்கள் நாங்கள்.
ஒறிஜினல் ஒன்றும் மிஞ்சவில்லை.
என் பெயர் இன்றைக்கும் ஒரு கொப்பியில்தான் இருக்கிறது,
மடித்த இடத்தில் ஓர் எழுத்து அழிந்து.

கிணற்றுக்கட்டில் போனை வைத்தால் இரண்டு கோடு சிக்னல்.
வவுனியாவில் இருக்கிற சுகிர்தாவுக்கு
'17 செத்தது', '17 மீன்' என்று
இரண்டையும் அனுப்புகிறேன்.
எதை அழிப்பது என்று பிறகு பார்க்கலாம்.
அறுபத்துமூன்று வீதத்தில் நிற்கிறது.
கரண்ட் போய்விட்டது.
மை தூறத் தொடங்குகிறது,
துவாயால் போனை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

பற்றரி வாங்கிவிட்டேன். நூற்றியெண்பது ரூபா,
ஒரு குத்தியின் அளவு வெள்ளி வட்டம்.
ஒபிஸ் லாச்சிக்குள்
முத்திரைத் தாள்களுக்குக் கீழே கிடக்கிறது.
திங்கட்கிழமை போடச் சொல்லவேண்டும்,
யாரிடமாவது.