வரம்பில் நிற்பவை

மெஷினின் மருந்து முடிந்து மூன்று நாள்.
கொழும்பிலிருந்து லொறி வருகிறதாம்.
மகியங்கனையில் நிற்கிறதாம்.
இன்னும் நிற்கிறதாம்.
ஆகவே, சம்மாந்துறை ஆஸ்பத்திரியில்
இரவு ஒன்றரைக்கு
ஒருவனுடைய இரத்தத்தைக் கண்ணால் எண்ணுகிறேன்.

கண்ணாடியில் கீறிய கட்டங்கள்.
வரம்பு கட்டிய வயல்தான், நகத்தளவு.
ஈரப்பஞ்சு வைத்த மூடிக்குள் இருபது நிமிடம் விட்டேன்,
மிதப்பதெல்லாம் அடியில் அமரட்டும் என்று.
மேல் வரம்பிலும் இடது வரம்பிலும் நிற்பது என் கணக்கு.
கீழும் வலதும் அடுத்தவன் காணி.
படிக்கிற காலத்தில் இந்தச் சட்டத்துக்குச் சிரித்திருக்கிறேன்.
இன்றைக்கு ஒவ்வொரு வரம்பிலும் தயங்குகிறேன்.

றிபாய்தீன், இருபத்தாறு வயது,
நெல் வெட்டும் மிஷின் ஓட்டுகிறவன்.
டெங்கு, ஐந்தாம் நாள்.
காலையில் இருபத்தோராயிரம்.
மாலையில் பதினாறு.
இப்போது

டக்.
நெடுநேரம் கழித்து
டக்.

செங்குழியங்களை மருந்து கரைத்துவிட்டது.
அவை ஒதுங்கினால்தான் இந்தச் சிறுசுகள் தெரியும்.
செங்குழியத்துக்கு ஆயுள், ஒரு நாலு மாத நெல்லின் ஆயுள்.
எலும்பை விட்டுக் கிளம்பும்போதே
தன் கருவைத் தூக்கி எறிந்துவிட்டு
அந்த இடத்திலும் சுமையேற்றிக்கொண்டு ஓடும்.
கரு இல்லை, அதனால் கிழிந்ததைத் தைக்கத் தெரியாது.
தன்னிலும் ஒடுங்கிய மண்ணீரல் வாசலில்
ஒருநாள் வளைய முடியாமல் நிற்கும்.
இரும்பை மட்டும் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளும் உடம்பு.
மிச்சம் மஞ்சளாய்ப் போகும்.

கதவில் தட்டுச் சத்தம்.
கூட வேலை செய்கிற வீரமுனைப் பொடியன், சதுர்ஜன்.
சறத்தில் இன்னும் நெல்லுச் சுணை.
"எத்தின மிஸ்?"
"டொக்டர்தான் சொல்லுவார் தம்பி."
"வெட்ட முன்னமே வட்டையப் பாத்து
ஏக்கருக்கு எத்தின மூடை எண்டு சொல்லுறவன் மிஸ் அவன்.
மறுகா, அவன்ட எண்ணிக்கைய மட்டும்
ஒருத்தரும் சொல்லமாட்டீங்களா?"

சொல்லியிருக்கலாம்.
உடைகிற வக்கடையில் முதலில் விழும்
மண்ணாங்கட்டியைத்தான் எண்ணுகிறேன் என்று
அவனுக்கு விளங்குகிற மாதிரியே சொல்லியிருக்கலாம்.
வாங்கில் போய் இருக்கச் சொன்னேன்.

புத்தகத்தில் என்பு மச்சை.
இறைச்சிக் கடையில் நல்லி.
இடுப்பிலும் நெஞ்செலும்பிலும் அந்தச் சிவந்த சேற்றுக்குள்
பெருத்த கலமொன்று குந்தியிருக்கும்.
மற்றவை முழுசாய் ஆற்றில் இறங்க
இது கையை மட்டும் நீட்டும்.
ஓட்டம் அதைப் பிய்க்கும்.
பிய்ந்த துண்டுகள்தான் குருதிச் சிறுதட்டுக்கள்.
ஆயிரக்கணக்கில் கொடுத்து முடித்து
அது அங்கேயே தீர்ந்து போகும்.
துண்டுகளுக்குப் பத்து நாள்,
மிஞ்சினால்.

பதின்மூன்றாயிரம்.
இரண்டாம் தரமும் எண்ணினேன். பதின்மூன்றுதான்.

நம்பாமல், சாயம் போட்ட கண்ணாடியை எடுத்து
எண்ணெய் ஒரு துளி விட்டுக் குனிந்தேன்.
செங்குழியக் கூட்டத்துக்கு நடுவே
ஊதா நிறத்தில் ஒன்று.
சிறுதட்டு என்று சொல்ல வெட்கப்படும் பருமன்,
செங்குழியத்தோடு தோள் உரசி நிற்கிறது.
கொஞ்சம் தள்ளி இன்னொன்று.
ஓரத்தில் மூன்றாவது.
எலும்பை விட்டு இறங்கிய அவசரம் இன்னும் தீராத
இளசுகள்.
உள்ளே யாரோ நித்திரையில்லாமல் வேலை செய்கிறார்கள்.

வார்டுக்கு அழைத்தேன்.
"பதின்மூன்று. ஆனால் பெரிய தட்டுக்கள் தெரியுது."
மறுமுனையில் பேனா ஓடும் சத்தம்.
"சரி. ஆறு மணிக்குத் திரும்ப அனுப்புறன்."
அதற்குமேல் அவரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

வெளியே சதுர்ஜன் வாங்கில் நிமிர்ந்தபடி தூங்குகிறான்,
வாய் திறந்து.
லொறி பதியத்தலாவ தாண்டிவிட்டதாம்.

ஆறு ஐந்துக்கு
குழாய் கைக்கு வந்தது, இளஞ்சூடாய்.
பஞ்சை நனைத்தேன். இருபது நிமிடம்.
கண்ணை வைத்தேன்.
முதலாவது
இடது வரம்பில் நிற்கிறது.

என் கணக்கு.